ஒரு ஜன்னல் இருக்கு சார்

பதினெட்டு நாளாகியும் மல்லி முளைக்கவில்லை.

கௌசல்யா தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தத் தொட்டியைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட முறைத்தாள் என்பதுதான் சரி. காலி பெயிண்ட் வாளியை அப்பா குறுக்கே அறுத்துக் கொடுத்த தொட்டி. மண், மணல், மட்கிய சாணம் எல்லாம் புத்தகத்தில் சொன்ன அளவு. உள்ளே ஈரம் இருந்தது, காற்றோட்டம் இருந்தது, ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு மண்புழுகூட வந்து இருந்துவிட்டுப் போனது. மல்லி மட்டும் இல்லை. ஒரு தடவை விதைத்து, பத்து நாள் பொறுத்து, இன்னொரு தொட்டியில் மறுபடியும் விதைத்தாயிற்று. அதுவும் அப்படியே.

"முறைச்சுப் பாத்தா முளைச்சிருமாட்டி?" என்றாள் அம்மா மாடம்மாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"நீ உன் வேலையைப் பாரும்மா. உனக்கு இது தெரியாது."

"தெரியாதுதான். நான் பி.எஸ்சி. பாட்டனி இல்லல்லா."

கௌசல்யா பி.எஸ்சி. பாட்டனிதான். முதல் வகுப்பு. பணகுடிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தாணு கொத்தனார் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். அந்தச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்பா ஆணியடித்து மாட்டியிருந்தார். பெரிய மரியாதைதான். ஆனால் இரண்டு வருஷமாக அது சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இந்த மல்லி வெறும் மல்லி இல்லை. அது அவளுடைய வேலை.

திருவனந்தபுரத்தில் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று பிளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. மண்ணே மிதிக்காமல் வாழப்போகும் அந்த வீட்டுக்காரர்களுக்கு, வீட்டுக்குள்ளேயே மணச்செடிகள் வளர்க்கக் கற்றுக்கொடுக்க ஒரு தோட்டக்கலைச் சங்கம் ஆள் தேடியது. நேர்காணலுக்குப் போன இடத்தில், மேசைக்கு அந்தப்புறம் இருந்த ஒரு வழுக்கைத்தலை அவளுடைய முகவரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டில் எத்தனை சென்ட் பூமி?"

"பூமி இல்ல சார். ஒரு ஜன்னல் இருக்கு."

அவர் சிரித்தார். பக்கத்து நாற்காலியில், அதே வேலைக்கு வந்திருந்த ஹரிநாராயணன் என்ற எம்.எஸ்சி.காரனும் சிரித்தான். அவனுக்குச் சாஸ்தமங்கலத்தில் முப்பது சென்ட்.

"பூமி இல்லாத குட்டி எதை வளர்த்திப் படிச்சு?"

கௌசல்யாவுக்கு வாய் நிற்காது. அன்றும் நிற்கவில்லை. "நீங்க ஆள் எடுக்கறது பிளாட்டுக்கா, தோட்டத்துக்கா சார்? பிளாட்டுக்குன்னா, பூமி இல்லாம வாழுறது எப்படின்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

சங்கத்தின் செயலாளர் ஸ்மிதா மேடம் அதுவரை பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவர், பேனாவை வாயிலிருந்து எடுத்தார். வேலைக்கு வந்த ஐந்து பேருக்கும் அங்கேயே ஒரு பரீட்சை வைத்தார். முப்பத்தைந்து நாள். வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும், முற்றம் கூடாது, மொட்டைமாடி கூடாது. கொத்தமல்லி விதையிலிருந்து, புதினா தண்டிலிருந்து, மூன்றாவது அவரவர் விருப்பம். கடைசியில் தானே ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து பார்ப்பேன் என்றார்.

வீட்டுக்கு வருவார் என்பதுதான் கௌசல்யாவுக்கு வழியெல்லாம் உறுத்தியது. கரமனையில் அக்ரகாரத் தெருவுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. இரண்டு அறை. சமையலறையில் அந்த ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மூன்றடி தள்ளி, வாலாம்பாள் மாமி வீட்டுப் பின்பக்க மதில். எத்தனையோ மழைக்காலத்தின் பாசி ஏறி, யானைத் தோல் மாதிரிக் கறுத்துக் கிடக்கும். வெயில் அடிக்கிற நாளில் காலை ஒன்பதரைக்கு அந்த மதில்மேல் சூரியன் விழும். பாசி அதை அப்படியே குடித்துவிடும். ஜன்னலுக்குள் வருவது மிச்சம் மீதி.

அவள் நோட்டில் எழுதி வைத்தாள்: 'நாள் 18. முளைப்பு இல்லை. காரணம்: வெளிச்சக் குறைவு.' விதை முளைக்க வெளிச்சமே தேவையில்லை என்பது அவள் படித்ததுதான். ஆனால் கோபத்தில் இருக்கிறவளுக்குக் குற்றம் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும். மதில் எதிரிலேயே நின்றது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த மதிலை அவள் திட்டிய திட்டில், அப்பா தாணு சோற்றில் வைத்த கையை எடுக்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"வெளிச்சம்தானே வேணும் மக்களே?"

"ஆமா. நீங்க சூரியனை இந்தப் பக்கம் திருப்பப் போறீங்களா?"

"பாப்போம்," என்றார் தாணு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது அப்பா சந்துக்குள் நின்று மதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கு நிறைய உடைந்த வெள்ளை டைல்ஸ். பிளாட் வேலையில் குளியலறைக்கு ஒட்டியது போக, குப்பையில் கொட்டிய துண்டுகள். சின்னதும் பெரியதுமாக, கோணலும் மாணலுமாக, ஜன்னல் அகலத்துக்கு இரண்டு பங்கு இடத்தில் பன்னிரண்டு மணிக்குள் ஒட்டி முடித்தார். மிச்ச இடத்துக்குச் சுண்ணாம்பு. மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் மதிலில் விழுந்த வெயில் பளீரென்று திரும்பி ஜன்னல் வழியாக வந்து, மாடம்மாளின் சட்டி பானையெல்லாம் மின்னியது. பதினெட்டு வருஷத்தில் அந்தச் சமையலறை முதல்முறையாகத் தன்னைத்தானே பார்த்தது.

"எய்யா! மேல அட்டத்துல இவ்வளவு ஒட்டடையா இருக்கு?" என்று மாடம்மாள் துடைப்பத்தைத் தேடினாள்.

யாருடைய மதில் என்ற கேள்வி தாணுவுக்கு வரவில்லை. சுவர் என்று ஒன்றைக் கண்டால் அவருக்கு அது பூசாத சுவர், பூசிய சுவர், அவ்வளவுதான். வாலாம்பாள் மாமிக்கு வந்தது. மதிலுக்கு மேலே நரைத்த தலை ஒன்று எழும்பியது. ஸ்டூல் போட்டு ஏறியிருக்க வேண்டும்.

"என்னது இது தாணு? ஆரைக் கேட்டுண்டு எங்காத்து மதில்ல இதை ஒட்டினே?"

"அந்தப் பக்கம் தொடலை மாமி. எங்க பக்கம் மட்டும்தான்."

"ரெண்டு பக்கமும் எங்களோடதுதான்டா! கக்கூஸ் சுவர் மாதிரின்னா இருக்கு! போறவா வர்றவா பார்த்தா என்ன நெனச்சுப்பா?"

"இந்தச் சந்துல ஆரு மாமி வர்றா, பூனையைத் தவிர?"

கௌசல்யா ஜன்னலில் தலையை நீட்டினாள். "மாமி, இத்தனை வருஷம் இங்க பாசி பிடிச்சுக் கெடந்ததே, அப்போ போறவா வர்றவா என்ன நெனச்சா?"

"இந்தத் தாணு பொண்ணுக்கு வாயைப் பாரு!"

"எனக்குப் பேர் இருக்கு மாமி. கௌசல்யா."

"சரி, கௌசல்யா. எதுக்குடி இது?"

அவள் சொன்னாள். வேலை, பரீட்சை, முப்பத்தைந்து நாள், எல்லாம். மாமி ஸ்டூலிலேயே நின்று கேட்டாள்.

"வேலை கெடச்சா இதை எடுத்துடுவியா?"

"எடுத்துடுவோம்."

"கெடைக்கலேன்னா?"

"அப்பவும் எடுத்துடுவோம்."

"அப்போ கெடச்சப்புறமே எடேன். என்னத்துக்குக் கெடைக்காம எடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு மாமி இறங்கினாள். இறங்கும்போது ஸ்டூல் ஆடிய சத்தமும், "பகவானே" என்ற சத்தமும் சேர்ந்து கேட்டன.

வெளிச்சம் வந்ததும் புதினாவுக்குக் கிறுக்குப் பிடித்தது. மாடம்மாள் சமையல் வேலை பார்க்கும் ஹோட்டலில், இலையைக் கிள்ளிக்கொண்டு தூர எறிந்த தண்டுகளைத்தான் கௌசல்யா நட்டிருந்தாள். அது நாலே நாளில் வாளி விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டியது. அவளுடைய மூன்றாவது செடி ஓமவல்லி. இந்த ஊரில் பனிக்கூர்க்கை என்பார்கள். குழந்தைக்குச் சளி என்றால் இலையை வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பது. அதுவும் தடித்த இலைகளை விரித்து, கை வைத்தால் மணக்கிற அளவுக்கு வளர்ந்தது. ஒரு நாள் மதிலுக்கு மேலே நீண்ட கைக்கு அவள் ஒரு பிடி புதினா கொடுத்தாள். மறுநாள் அதே கை ஒரு கிண்ணத்தில் துவையல் கொண்டுவந்தது. "டைல்ஸ் கெடக்கட்டும் போ. உங்காத்துச் சுவர்ல பட்டு என் பின்கட்டுலயும் கொஞ்சம் வெளிச்சம் வரது. அரிசியில கல்லு தெரியறது," என்றது குரல். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது கழுவித் தா என்றும் சொன்னது.

எல்லாம் சரி. மல்லி வரவில்லை.

இருபத்துநாலாம் நாள் சாயங்காலம். வெளியே ஜூன் மாசத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரசத்துக்குப் பொடிக்க மல்லி டப்பாவைத் திறந்த மாடம்மாள், அதைத் தலைகீழாகக் கவிழ்த்தே பார்த்தாள்.

"இதுல பாதி டப்பா மல்லி இருந்துச்சே. எங்க போச்சு?"

"நான்தான் எடுத்தேன்," என்றாள் கௌசல்யா, நோட்டிலிருந்து நிமிராமல்.

"உனக்கு எதுக்கு?"

"விதைக்கத்தான். வேற எதுக்கு, திங்கவா?"

மாடம்மாள் டப்பாவைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். அது வேறு மாதிரி இருக்கவே கௌசல்யா நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தில் என்னவோ நடந்துகொண்டிருந்தது. உதடு இறுகுவதும் நெளிவதுமாக இருந்தது.

"ரெண்டு வட்டமும் இதுலேருந்தா எடுத்த?"

"ஆமா."

"ஏட்டி... அது வறுத்த மல்லில்லா!"

"என்னது?"

"இந்த ஊரு மழையில பச்ச மல்லி ஒரு வாரம் தாங்குமா? பூசணம் பூத்துரும். வாங்கிட்டு வந்த அன்னைக்கே சட்டியில போட்டு, வாசம் வர வறுத்துத்தான் டப்பால போடுவேன். இங்க வந்ததுலேருந்து அப்படித்தான்."

கௌசல்யா அம்மாவைப் பார்த்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தாள். மூன்று வருஷம் விதையின் உறை, கரு, முளைவேர் என்று படம் வரைந்து, பாகம் குறித்து, முதல் வகுப்பு வாங்கியவள், வறுத்த மல்லியை விதைத்துவிட்டு இருபத்துநாலு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

"நீ ஏம்மா சொல்லலை?"

"நீ எங்க கேட்ட? கடையில வாங்கின விதைன்னுல்லா நெனச்சேன். வாயத் தொறந்தாதான் 'உனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது'ங்கியே!"

கௌசல்யாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தாணு வேலையிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது தாயும் மகளும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா ரசமே முளைச்சிருக்கும்," என்றார்.

சிரித்து முடித்த பிறகுதான் கௌசல்யா நாட்களை எண்ணினாள். பதினோரு நாள்தான் மிச்சம். மறுநாள் காலையிலேயே சாலைக் கடைத்தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கி, பச்சை மல்லியைக் கேட்டு வாங்கினாள். "இது வறுத்தது இல்லல்லா?" என்று அவள் கேட்ட கேள்விக்குக் கடைக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டாவது தொட்டியில் விதைத்தாள். முப்பத்துநாலாம் நாள் காலையில் மண்ணைக் கீறிக்கொண்டு முளைகள் வந்தன. பதினோரு முளை. ஒவ்வொன்றிலும் நீளமான இரண்டே இரண்டு இலை. பார்த்தால் மல்லி என்று மல்லிக்கே தெரியாது.

"இதைக் காட்டி வேலை கேக்கப்போறியா?" என்றாள் மாடம்மாள்.

"இருக்கறதைத்தானே காட்ட முடியும்?"

மாடம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்யப்போகிறாள் என்று கௌசல்யாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவளுக்கு அது தோன்றவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் பதினொரு மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் காத்து நின்று ஸ்மிதா மேடத்தைச் சந்து வழியாகக் கூட்டி வந்தாள். மேடத்தின் குடை சந்தில் விரியவில்லை. மடக்கிக்கொண்டு, நனைந்துகொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சமையலறைக்குள் நுழைந்ததும் நின்றார்.

"கொள்ளாமே! நன்றாக இருக்கிறதே!" என்றார்.

ஜன்னல் படியில் புதினா வழிந்தது. ஓமவல்லி குடை விரித்தது. இரண்டுக்கும் நடுவே, முதல் தொட்டியில், முழங்கை உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று கொத்தமல்லி நின்றது.

கௌசல்யா தொட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். காலையில்கூட அது வெறும் மண். அம்மாவைப் பார்த்தாள். மாடம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில், ஹோட்டலுக்குக் கட்டாத நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கைகளை முன்னால் கோத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்மிதா மேடம் மல்லி இலையைக் கிள்ளி முகர்ந்தார். "இத்தனை நன்றாக வேறு எந்த வீட்டிலும் வரவில்லை, கேட்டோ," என்றார் மலையாளத்தில். மாடம்மாளுக்குப் பதினெட்டு வருஷத்தில் மலையாளம் நன்றாகவே புரியும். புரியாத மாதிரி நிற்கவும் தெரியும்.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். வேலை வீட்டுக்குள் வந்து நிற்கிறது. பேசினால் வேலை போவது மட்டுமில்லை, நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிற அம்மாவை அந்நியப் பெண்ணுக்கு முன்னால் கள்ளியாக்க வேண்டும். கௌசல்யாவின் வாய் வாழ்க்கையில் முதல்முறையாகக் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அவள் கையை நீட்டி மல்லியை மொத்தமாகப் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. ஒரே கட்டாக வந்தது. அடியில் கட்டியிருந்த வாழைநாரைக்கூட அம்மா அவிழ்க்கவில்லை.

"இது இங்க வளர்ந்தது இல்ல மேடம். கடையில வாங்கினது."



"அவ வைக்கலை," என்றாள் மாடம்மாள் திடீரென்று, தமிழும் மலையாளமும் கலந்து. "ஞான்தான் வெச்சது. அவ பஸ் ஸ்டாப்புக்குப் போன நேரம் பார்த்து வெச்சேன். புள்ளைக்கு அறிஞ்சூடா, ஒண்ணும் தெரியாது. வேலை போயிருமேன்னு ஒரு பேடி, பயம்." பிறகு மகளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உனக்கு வாய் அடங்கவே அடங்காதாட்டி?" என்றாள்.

ஸ்மிதா மேடம் கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நிஜ மல்லி எங்கே?"

கௌசல்யா குனிந்து தேடினாள். அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த இரண்டாவது தொட்டியை இழுத்து மேடத்தின் முன்னால் வைத்தாள்.

"இது எத்தனை நாள்?"

"பத்து நாள்."

"மீதி இருபத்தைந்து நாள் என்ன செய்தாய்?"

"வறுத்த மல்லிக்குத் தண்ணி ஊத்தினேன் மேடம்."

கதை முழுவதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். டப்பா, சட்டி, 'உனக்குத் தெரியாது', எல்லாம். பாதியிலேயே ஸ்மிதா மேடத்துக்குச் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. 'ரசமே முளைச்சிருக்கும்' என்ற இடத்தில் நிற்க முடியாமல், கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். மாடம்மாள் அவசரமாக ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள்.

"நேற்று ஹரிநாராயணன் வீட்டுக்குப் போனேன்," என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படுக்கையறைக்குள் எத்தனை அழகான மல்லி! அதன்மேல் இத்தனை பெரிய நத்தை ஒன்று நடந்துகொண்டிருந்தது. படுக்கையறையில் நத்தை எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் ஜன்னல் வழியாக என்றான். அவர்களுக்கு ஏ.சி. அறை. ஜன்னலே திறப்பதில்லை."

மாடம்மாள் இப்போது புரியாத மாதிரி நிற்க மறந்து, பக்கென்று சிரித்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்து நிமிர்ந்தபோதுதான் மேடத்தின் கண்ணில் ஜன்னலுக்கு வெளியே இருந்தது பட்டது. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. எழுந்து போய்த் தலையை நீட்டி, மதிலைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். திரும்பி அறையைப் பார்த்தார்.

"இது யார் செய்தது?"

"எங்க அப்பா. கொத்தனார்."

"இந்தப் பிளாட்காரர்களில் பாதிப் பேருக்கு அடுக்களை ஜன்னல் எதிரே லிஃப்ட் சுவர். 'எங்களுக்கு வெயிலே இல்லை, என்ன வளர்ப்பது?' என்று போன மாதம் முழுக்க போன். எங்களிடம் பதில் இல்லை." மேடம் மறுபடியும் வெளியே எட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடு. முதல் வகுப்பு அந்த லிஃப்ட் சுவர்க்காரர்களுக்கு. அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைக்குமா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றாள் கௌசல்யா. உடம்பெல்லாம் குதித்தது. வாய் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. "மேடம், எழுத்துல குடுங்க. வாயால சொல்லிட்டு அப்புறம் அந்த சார் எத்தனை சென்ட்டுன்னு கேட்டார்னா?"

ஸ்மிதா மேடம் மறுபடியும் வாளிமேல் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து டைரியை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, மடியில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது மாடம்மாளிடம் ஒரு பிடி புதினா கேட்டு வாங்கிக்கொண்டார்.

குடை சந்து முனையில் விரிந்து மறைந்ததும், மாடம்மாள் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு? வாசி."

மலையாளத்தில் இருந்ததைக் கௌசல்யா தமிழில் வாசித்தாள். "குமாரி டி. கௌசல்யா, பி.எஸ்சி., திங்கள்கிழமை முதல் சங்கத்தின் பயிற்றுநராகச் சேர்ந்துகொள்ள வேண்டியது."

"இன்னொரு வட்டம் வாசி."

"எதுக்கும்மா? அதேதான் இருக்கு."

"ஜன்னல்கிட்ட நின்னு வாசிட்டி, மதிலுக்கு அந்தப் பக்கமும் கேக்கட்டும்," என்றாள் மாடம்மாள், ஜன்னல் கதவை விரியத் திறந்துகொண்டே. "பேரு வர்ற இடத்துல கொஞ்சம் சத்தமா."